கொடி இறங்கினால்தான் கிளப் மாறலாம்

மேட்ச் முடிந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்கால் வரைக்கும் கறுப்பாக இருக்கும். சேறு இல்லை, துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரித் தூசி. கடல் காத்து அடிக்கிற அடியில் எங்கள் கிரவுண்டில் பாதி மணல், பாதி கரி. எத்தனை சோப்பு போட்டாலும் அம்மாவால் அந்தச் சாக்ஸை வெளுக்க முடிந்ததே இல்லை...

எங்கள் ஃபுட்பால் கிளப்பில் பொம்பளப் பிள்ளைகளுக்கு இரண்டு டீம். பெரிய செட், சின்ன செட். வெளியூர் டோர்னமென்ட், பஸ் பயணம், ராத்திரி புரோட்டா எல்லாம் பெரிய செட்டுக்கு. சின்ன செட்டுக்கு உள்ளூர் வெயில் மட்டும்.

நான் சின்ன செட். லெஃப்ட் பேக்.

பெரிய செட்டில் அதே இடத்தில் ஜெனிட்டா ஆடினாள். அவளுக்குக் காய்ச்சல்கூட வராது. எனக்கோ பெரிய செட் ஜெர்சியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்த வயசு.

அப்போதுதான் அடுத்த தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எங்களுக்குப் போட்டி கிளப்பின் செக்ரட்டரி அவர்தான்.

"ஏளா ரோஸி, எங்க கிளப்புக்கு வந்துரு. பெரிய செட்ல லெஃப்ட் பேக் காலியா கெடக்கு. ஒன்னையத்தான் போடுதேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உடனே போக முடியாது. எங்கள் பக்கத்துக் கிளப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் திருவிழாவின் கொடி இறங்கின பிறகுதான் யாரும் கிளப் மாறலாம். ஜெர்சியைத் துவைத்து, தேய்த்து, பழைய கிளப்பில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கையெழுத்து, காகிதம் ஒன்றும் கிடையாது. அண்ணாச்சி வாராவாரம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் இந்தக் கொடி விஷயத்தில் பங்குச் சாமியாரைவிடக் கறார்.

திருவிழா முடிந்து கொடி இறக்குகிற சாயங்காலம் நான் கோயிலுக்கே போகவில்லை. வீட்டில் ஜெர்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது, பேண்டு வாத்தியம் கேட்டது. கொடி இறங்கிவிட்டது என்று ஓடிப்போய் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் வீட்டில் ஜெர்சியைக் கொடுத்தேன். மாஸ்டர் கோயிலில் இருந்தார். அவர் வீட்டு அக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணாச்சி கிரவுண்டில் போய் நின்றால், மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"கொடி எறங்கலயேளா! அங்கன பாரு."

பார்த்தேன். கோயில் கொடிமர உச்சியில் இருந்த கப்பியில் கயிறு சிக்கி, கொடி ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தது.

எங்கள் கிரவுண்டுக்கு ஓடினேன். அங்கே என் ஜெர்சியை ஏற்கெனவே ஒரு புதுப் பிள்ளை போட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கிளப்பும் இல்லை, இந்தக் கிளப்பும் இல்லை. அண்ணாச்சி மனசு மாறி வேறு பிள்ளையைப் பிடித்துவிட்டால் சின்ன செட்டும் போச்சு. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்படி ஒரு அழுகை அழுதேன்.

மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுகிற டேலி கிளார்க். நீட்டி முழக்கிப் பேசத் தெரியாதவர்.

"என்னைய பெரிய செட்ல போடுவீங்களா மாஸ்டர்? அப்படின்னா நான் போகல" என்றேன்.

"ஜெனிட்டா இருக்கையில ஒன்ன எப்பிடிளா போட? பொய் சொல்ல மாட்டேன். கொடி எறங்கட்டும், அங்கன போயி ஆடு."

கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. கப்பல்களில் ஏறி பெயிண்ட் அடிக்கிற ஒருவர் அன்று மத்தியானம் கம்பத்தில் ஏறிக் கயிற்றை விடுவித்தார். கொடி தரையைத் தொடுகிற வரைக்கும் அண்ணாச்சி என் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "இப்ப வா" என்றார்.

முதல் மேட்சே என் பழைய கிளப்போடுதான். பெரிய செட் ஜெர்சியில் எனக்கு ஒரே பயம். பந்து வருகிற பக்கமே தெரியாமல் லைனை ஒட்டி நின்றேன்.

அப்போது ஒரு சத்தம். "ரோஸி! உள்ள வாளா! பால் உள்ளதான் வருது!"

அந்தக் குரலுக்கு என் கால் யோசித்ததே இல்லை. ஓடினேன். பந்து சொல்லி வைத்தாற்போல வந்தது, பிடுங்கி நீளமாக அடித்தேன், எங்கள் புது டீம் பிள்ளை ஒருத்தி கோல் போட்டாள்.

கத்தினது மாஸ்டர். எதிர் டீமின் மாஸ்டர்!

அவருடைய பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவரையே முறைத்தார்கள். மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி லைனில் நின்று, "மாஸ்டரே, அடுத்த திருவிழாவுக்கு நீரும் இங்கன வந்திரும்!" என்றார். கிரவுண்டே சிரித்தது. அன்றைக்கோடு எனக்குப் பயம் போய்விட்டது.

இப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் மகள் அகாடமியில் ஆடுகிறாள். அங்கே எலைட், டெவலப்மென்ட் என்று இரண்டு செட், யார் எதில் என்று வாட்ஸ்அப்பில் பெயர் வருகிறது. அகாடமி மாற வேண்டும் என்றால் ரிலீஸ் லெட்டர் வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, நல்லதுதான். வெள்ளை சாக்ஸ் வெள்ளையாகவே வீட்டுக்கு வருகிறது.

இந்த வருஷம் அவளும் அகாடமி மாறினாள். போன ஞாயிறு பழைய அகாடமியோடு மேட்ச். அவளுடைய பழைய கோச் சின்னப் பையன், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றான். இவள் பக்கமே திரும்பவில்லை. "சார் ஹாய்கூட சொல்லலம்மா" என்று இடைவேளையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

செகண்ட் ஹாஃபில் அவள் ஒரு டேக்கிள் போட்டாள் பாருங்கள்... சுத்தமான டேக்கிள். எனக்குத் தானாகக் கண் அந்தக் கோச் பக்கம் போனது.

கட்டியிருந்த இரண்டு கையும் பிரிந்து மேலே வந்தன. தட்டப் போன நேரத்தில் இவள் எதிர் டீம் என்று ஞாபகம் வந்துவிட்டது போல. அப்படியே தலையைச் சொறிந்துகொண்டான்.

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

"எதுக்கும்மா சிரிக்க?" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள் மகள்.

"ஒங்க சார் நல்ல பையன்ளா" என்றேன்.