வலை போன தெரு

பலகையை நட்ட அன்று நான் கடையில் இல்லை. அன்புவழிபுரத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இருந்திருந்தால் குழி வெட்டவே விட்டிருக்கமாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் நின்றிருந்தாலும் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன், அவர்கள் பாட்டுக்கு நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சிவப்பு வட்டம், கீழே மூன்று மொழியிலும் எழுத்து: வாகனம் நிறுத்தத் தடை. அதுவும் எங்கள் வாசலுக்கு நேரே. அடுத்த நாள் காலை கடை திறக்கப் போனால் அதன் அடியில் ஒரு மான் படுத்துக்கிடந்தது. ஆடுமாடுபோலத் தெருவில் திரிகிற எங்கள் ஊர் மான்களுக்கு யார் தண்டம் எழுதுவது?

நியாயத்தையும் சொல்லவேண்டும். துறைமுகப் பக்கமிருந்து சந்தைக்குப் போகிற எங்கள் தெரு அகலமானதல்ல. ஒரு பக்கம் ஓட்டோ, மறுபக்கம் மோட்டார் சைக்கிள், நடுவில் சீமெந்து இறக்குகிற லொறி என்று நிற்கும்போது பஸ்காரர் ஹோன் அடித்தே களைத்துப்போவார். ஏதாவது செய்யத்தான் வேண்டியிருந்தது. ஆனால் செய்தவர்கள் எங்கள் கடைகளை ஒருநாளாவது உள்ளே வந்து பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது வலைக்கடை. கயிறு, மிதவை, ஈயம், நூல் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது கரைவலை, கடலில் வளைத்துப் போட்டு ஆட்கள் கூடிக் கரையில் நின்று இழுக்கிற நீண்ட வலை. பின்பக்க மண்டபத்தில் துண்டு துண்டாக வலையைப் பொருத்தி, நடுவில் மீன் சேரும் மடியையும் தைத்து, ஒரே வலையாக்கிக் கொடுப்போம். முடிந்தபின் அதைப் பிரிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. புது வலையில் முதலில் படுவது கடல்தண்ணியாக இருக்கவேண்டும். அதற்கு முன் ஆட்கள் மிதிக்கிற தெருவில் அதை ஒரு கணமும் வைக்கமாட்டார்கள். ஆகவே லொறி வாசலோடு ஒட்டி நிற்கும். மண்டபத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து லொறிக்கு. அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் கடையில் வலை போன வழி அதுதான்.

பலகை வந்தபின் லொறி வரவில்லை. தோப்பூரிலிருந்து வழமையாக வருகிற ஒருவர் போனில் கேட்டார்: "நிப்பாட்ட இடமில்லாத கடைக்கு எப்பிடி வாற, நீங்களே சொல்லுங்க?" அவர் ஊருக்கு வெளியே பெரிய முற்றம் வைத்திருக்கும் புதுக் கடைக்குப் போய்விட்டார். முன்வீட்டுத் துணிக்கடைக்குக் கிண்ணியாவிலிருந்து வானில் கும்பலாக வந்து, பெண்ணுக்குச் சேலை எடுக்கிற குடும்பங்கள் நின்றுபோயின. பக்கத்துப் பேக்கரிக்காரர்தான் பாவம். மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே பாண் வாங்கிப் போகிறவர்களை நம்பி இருந்த மனிதர். விசில் சத்தம் கேட்டால் அந்தக் காலும் ஊன்றாது.

விசில் ஊதியது ஒரு இளம் பொலிஸ்காரர். மரியாதையான பிள்ளை, அதனால் சண்டை பிடிப்பதும் கஷ்டம். "அக்கா, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நான் போட்டதில்லையே" என்பார். நானும் "ஓம் தம்பி, நீர் போடேல்லைத்தான். ஆனா ஊதுறது நீர்தானே" என்பேன். அவர் சிரிப்பார். எனக்கு இன்னும் எரியும்.

கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். குளிரூட்டிய அறை, நல்ல கதிரைகள், எல்லாருக்கும் தேத்தண்ணி. பஸ் நிலையத்துக்கு அப்பால் வாகனத் தரிப்பிடம் இருக்கிறது, வாங்கிய பொருளை அங்கே சுமந்துகொண்டு போகலாமே என்றார். வலையை எப்படி ஐயா சுமப்பது என்றேன்.

"அதென்ன பெரிய விசயம்? வலைதானே. தோளில போட்டுக்கொண்டு நடக்கட்டும்" என்றார்.

வலை என்றால் துணிக்கடைப் பார்சல் போல ஒன்று என்று நினைத்துவிட்டார், மனிதர்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். என் கணவர் சத்தம் போடாதவர். மனதில் ஒன்றை முடிவெடுத்தால் அதையும் சத்தமில்லாமல்தான் எடுப்பார். கைத்தொலைபேசி விற்கிற ஒருவர் எங்கள் கடையைக் கேட்கிறார் என்று சாப்பிடும்போது சொன்னார். "அந்தச் சாமானுக்கு லொறி தேவையில்லை. சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு போவினம்" என்றார். நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. தைத்த வலைகள் மண்டபத்தில் தூங்க, தைக்கிற பெண்களுக்கு வேலையில்லாமல், எத்தனை நாள் இழுப்பது? அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. சனிக்கிழமை அந்த ஆள் கடையை அளக்க வருவதாக முடிவானது.

அந்தக் கிழமைதான் நிலாவெளிச் சம்மாட்டியார் வந்தார். கரைவலைக்குச் சொந்தக்காரர், எங்களிடம் முன்பே சொல்லித் தைப்பித்த வலை மண்டபத்தில் முடிந்து கிடந்தது. லொறி வரமுடியாது என்ற கதையைச் சொன்னேன். அதிகாரி சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஆள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தோளில போட்டு நடக்கச் சொன்னவரோ?"

"ஓம்."

"அப்ப நடப்பம் பிள்ளை. சனிக்கிழமை என்ர ஆக்கள் முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

சனிக்கிழமை, சந்தை நாள். சொன்னபடி வந்தார்கள். லொறியைச் சட்டப்படி தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். வலையின் முன்நுனியை முதல் ஆள் தோளில் ஏற்ற, ஒரு எட்டு வைத்து அடுத்தவர், இன்னொரு எட்டு வைத்து அதற்கடுத்தவர். தெருவில் வரிசை நீண்டது. முதல் ஆள் பஸ் நிலைய முடக்கில் திரும்பும்போது வலையின் பாதி இன்னும் எங்கள் மண்டபத்துக்குள்ளேயே கிடந்தது. வந்த ஆட்கள் போதவில்லை. சீமெந்துக் கடைக்காரர் தோள் கொடுத்தார், துணிக்கடைப் பெடியன்கள் வந்தார்கள், பேக்கரிக்காரர் மாக் கையோடு வந்தார். திரும்பிப் பார்த்தால் என் கணவர், இஸ்திரி போட்ட சேட்டோடு, மடியின் கீழே தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குழப்பிவிடுவேனோ என்று பயம்.

கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அம்பாவுக்கு அவசரம் தெரியாது. அது இழுக்கிற வேகத்தில்தான் காலும் போகும். குறுக்குத் தெருவில் பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டோக்கள், அவற்றுக்குப் பின்னால் ஐஸ் ஏற்றிய லொறி, அதற்கும் பின்னால் வெள்ளை வாகனமொன்றில் நம்முடைய அதிகாரி. தோளில் போட்டு நடக்கச் சொன்னவரே கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்க்கிறார்! எனக்குள் எழும்பிய சந்தோசத்தை மறைக்க நான் எந்த முயற்சியும் செய்யவில்லை.

பொலிஸ்காரத் தம்பி ஓடி வந்தார். "அண்ணை, கொஞ்ச நேரம் ஓரமா கீழ வையுங்கோ. பஸ்ஸை விடுவம்."

"ஏலாது தம்பி" என்றார் சம்மாட்டியார். "புது வலை. ரோட்டில வைக்கமாட்டம்."

"நடுவில தூக்கிப் பிடிச்சா பஸ் கீழால போகுமோ?"

"பஸ்ஸின்ர உயரத்துக்கு உம்மட ஆக்கள் ஆராவது இருக்கினமோ?"

"அப்ப ஒரு பக்கத்தை வெட்டி..." என்று தொடங்கிய தம்பி, அத்தனை முகமும் ஒன்றாகத் திரும்பியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புத்தியுள்ள பிள்ளை.

அதிகாரி இறங்கி நடந்தே வந்துவிட்டார். வலையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எவ்வளவு நேரம் போகும்?"

"லொறி வாசலுக்கு வந்தா, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஐயா. இப்பிடி நடந்தா மத்தியானம் ஆகும். இதுக்குப் பிறகு கயிறும் மிதவையும் கிடக்கு."

அவர் நின்றுபோன பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். தம்பியிடம் தலையை அசைத்தார். தம்பி விசிலை வாயில் வைத்தார், ஆனால் இந்தமுறை ஊதியது எங்களுக்காக. அவரே தரிப்பிடத்துக்கு ஓடி லொறியை அழைத்து வந்தார். அவரே கையைக் காட்டிக் காட்டிப் பின்பக்கமாக எடுப்பித்தார். முடக்கில் முன்நுனி லொறிக்குள் ஏறியது. லொறி மெல்ல மெல்லப் பின்னால் வர, வலை ஆள் ஆளாகத் தோளை விட்டு உள்ளே போனது. கடைசியாக மண்டபத்திலிருந்த பகுதியும் ஏறி முடிந்தபோது, லொறி எங்கள் வாசலில், அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றது. தெரு கைதட்டியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் தட்டினார்கள், அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. நான் விசிலடித்தேன். இந்த வயதில் எனக்கு விசிலடிக்க வரும் என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நாளில் பலகையின் கீழே இன்னொரு சின்னப் பலகை வந்தது. காலை வேளையில் பொருள் ஏற்ற இறக்க வாகனங்கள் நிற்கலாம் என்றது. துணிக்கடைக்கு வான்கள் திரும்பின. பேக்கரிக்காரரும் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக இப்போது அதிகாரியிடம் போய்வந்துகொண்டிருக்கிறார். தோப்பூர்க்காரர் ஒன்றும் நடக்காததுபோல வந்து விலை பேசினார். நானும் ஒன்றும் நடக்காததுபோல விலையைக் குறைக்கவில்லை.

ஆனால் எனக்கு உண்மையான வெற்றி அந்தச் சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. லொறி புறப்பட்டுப் போனபின், கைத்தொலைபேசிக் கடைக்காரர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கடைசியில் வாகனத்தை விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார். கையில் அளவு நாடா.

"அண்ணை, அளப்பமோ?"

என் கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சேட் நனைந்து ஒட்டிக்கிடந்தது. தோளில் வலை அழுத்திய தடம். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் இதை 'உம்மட அப்பான்ர கடை' என்றுதான் சொல்லி வந்தவர். என்னிடமும் அப்படித்தான், ஊரிடமும் அப்படித்தான்.

"குறை நினையாதையுங்கோ தம்பி" என்றார். "எங்கட கடையைத் தாறதாயில்லை. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

தேத்தண்ணி போட நான்தான் உள்ளே ஓடினேன்.