கதவுக்கு வெளிய உக்காந்திருந்த பாண்டி அண்ணே

திருநீறு

அமுதா அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு, நான் உள்ளுக்குள்ள "ஆஹா, வருது வருது"ன்னு குதிச்சுக்கிட்டு இருந்த நேரம் பாத்து, கதவு படார்னு தொறந்துச்சு.

வந்தது அக்கா வீட்டுக்காரரு பாண்டி அண்ணே. ஒரு கையில ஹெல்மெட்டு, இன்னொரு கையில சட்டப்பையிலருந்து எடுத்த திருநீறு. அக்காவுக்குத் தோளு, தாடை எல்லாம் நடுங்குறதப் பாத்தாரு. என்னைய ஒரு மொறை மொறைச்சாரு. நேரா போயி அக்கா நெத்தியில திருநீறப் பூசி, "யாரு நீ? எந்த ஊர்லருந்து வந்திருக்க? என்ன வேணும்?"னு அதட்டுனாரு. அக்கா கண்ண முழிச்சு அவரையே பாத்தாங்க.

"அலங்காநல்லூர்லருந்துதான் வாரேன். உங்க வண்டியிலதான் வந்தேன். வெளிய போங்க."

ஊசி எங்க

ஒடம்பு வழியா மனசுக்கு வைத்தியம் பாக்குற நம்ம தொழில்ல இருக்கவங்களுக்கு இது புதுசில்ல மக்களே. ஊசி கிடையாது, மாத்திர கிடையாது, கழுத்துல மாட்டிக்க ஒரு குழா கூட கிடையாது. மனசுல விழுந்த அடி ஒடம்புல எங்க போயி ஒளிஞ்சிருக்குன்னு தேடிப் பாக்குறோம், அம்புட்டுத்தான். யாரு நம்புவா? எங்கம்மாவே நம்பல!

அமுதா அக்கா டீச்சரு. போன வருசம் அவங்க போன பஸ்ஸு ஒரு லாரி பின்னாடி மோதிருச்சு. பெரிய காயம் யாருக்கும் இல்ல. ஆனா அக்கா சீட்டுக் கம்பிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, எந்திரிச்சு ஓட முடியாம கெடந்திருக்காங்க. அதுலருந்து பஸ் ஹாரன் கேட்டாலே ஒடம்பு மரக்கட்ட ஆயிருது. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. பஸ் ஏறலன்னா வேலைய விட்டுற வேண்டியதுதான். அன்னிக்கு ஓட முடியாம நின்னு போன ஒடம்பு, இப்ப பத்திரமான எடத்துல நடுங்கித் தீத்துக்குது, அதத் தடுக்கக் கூடாதுன்னு பாண்டி அண்ணேகிட்ட நான் மூச்சு விடாம வெளக்குனேன். பொறுமையா கேட்டாரு.

"வலி எங்க தெரியுது, எங்க தெரியுதுன்னு அவகிட்டயே கேக்குறீங்க. அது தெரியாமயா மேடம் நீங்க படிச்சீங்க?"

லில்லி டீச்சர்

(கீழ வெங்காய மண்டியில லாரி ஹாரன் காதக் கிழிக்குது. அடுத்தவங்க வர இன்னும் நேரம் இருக்கு, டைப் பண்ணிருறேன். பேரெல்லாம் மாத்தியாச்சு, கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

சிம்மக்கல்லுல எனக்கு ரூமு குடுத்தது லில்லி டீச்சரு, மிஷன் ஸ்கூல்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. மூச்ச வெளிய விடும்போது அடிவயித்துலருந்து "ஊஊஊ"ன்னு இழுத்து ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுவேன். நெஞ்சு கொஞ்சம் எளகும். அன்னிக்கு நானும் அக்காவும் சேந்து இழுத்த இழுப்புல டீச்சரு படியேறி வந்துட்டாங்க. படியில காவலுக்கு உக்காந்திருந்த பாண்டி அண்ணேயும் அவங்களும் ஒரே கட்சி ஆயிட்டாங்க. டீ வேற! கதவ முழுசா சாத்தாம ஒருச்சாச்சு வைக்கணும்னு தீர்ப்பு. எனக்கு அதுல இஷ்டமே இல்ல. அக்காதான், "இருந்துட்டுப் போகட்டும், அவுக அங்கனதான இருக்காக"ன்னாங்க. டீச்சரு போறப்ப என் பக்கம் திரும்புனாங்க.

"கவுன்சிலிங்குன்னு சொல்லித்தானம்மா ரூமு கேட்ட? இங்க கன்னு போடுற மாடு மாதிரில்ல சத்தம் வருது!"

இப்ப என் சந்தேகம்

வாரம் போகப் போக அக்கா தேறுனாங்க. சொவத்தத் தள்ளுறது, பாதத்தத் தரையில அழுத்துறது, நிக்குற பஸ்ஸு பக்கத்துல போயி நின்னுட்டு வாரது வரைக்கும் வந்தாச்சு. அக்கா தேறத் தேற பாண்டி அண்ணேக்கு மொகம் இருண்டுக்கிட்டே போச்சு. "அடுத்து ஏறிப் பாப்போம்"னு நான் சொன்ன அன்னிக்கு, "பஸ்ஸே வேணாம், நானே தெனம் கொண்டுவிடுறேன், தோட்டத்த எவனாச்சும் பாத்துக்கிருவான்"னு நின்னாரு. பொண்டாட்டி வெளிய போகக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளோன்னு எனக்கு அவரு மேல டவுட்டு. அக்காகிட்ட மெதுவா கேட்டேன்.

"அட, அதெல்லாம் இல்ல. அன்னிக்கு அவுகளும் அதே பஸ்ஸுலதான் வந்தாக. எனக்கு மட்டுந்தான் சீட்டு கெடச்சுச்சு."

கோரிப்பாளையம்

ஏறுற நாளும் வந்துச்சு. சிம்மக்கல்லுல ஏறி, வைகப் பாலம் தாண்டி, கோரிப்பாளையத்துல எறங்கிறணும். அம்புட்டுத்தான் பிளானு. நீங்களும் ஏறுங்க அண்ணேன்னேன். "வண்டிய யாரு எடுத்துட்டு வாரது?"ன்னு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டாரு.

பாலத்து நடுவுல டிரைவரு போட்டாரு பாருங்க ஒரு பிரேக்கு! அக்கா கம்பியப் பிடிச்ச பிடியில வெரலு வெளுத்துப் போச்சு. அக்கா பாதத்த அழுத்தி, கண்ணத் தொறந்தே வச்சுக்கிட்டு, "ஊஊஊ"ன்னு விட்டாங்க. கண்டக்டரு, "வாந்தியாம்மா?"ன்னு தள்ளி நின்னாரு. அக்கா சிரிச்சிட்டாங்க! அப்பத்தான் ஜன்னல் வழியா பாத்தோம். எங்களுக்குப் பக்கத்துல பாண்டி அண்ணே வண்டிய நிறுத்தி, ரெண்டு காலையும் ரோட்டுல அழுத்தி ஊனி, உதட்டக் குவிச்சு "ஊஊஊ"ன்னு விட்டுக்கிட்டு இருக்காரு. ஒருச்சாச்ச கதவு வழியா ஒண்ணு விடாம கேட்டிருக்காரு மனுசன்!

கோரிப்பாளையத்துல எறங்குனா, அவருக்கு வண்டி ஸ்டாண்டு போட முடியல. கை அப்படி நடுங்குது. நான் பக்கத்துல போகல. அக்காதான் அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு, சன்னமா கேட்டாங்க: "யாரு நீ? எந்த ஊர்லருந்து வந்திருக்க?" ரோட்டப் பாத்துக்கிட்டே அவரு சொன்னாரு:

"அதே பஸ்ஸுலதான்டி வந்தேன். இன்னும் எறங்கல."

நம்ம தொழில்ல, உள்ள உக்காந்து நடுங்குறவங்கள மட்டும் பாத்துக்கிட்டே இருந்தா, வெளிய படியில உக்காந்து நம்மள மொறைக்கிற ஆளு பஸ்ஸ விட்டு எறங்காமயே இருந்துருறாரு.