ஏழாவது இக்கட்டு

மறைந்த என் தங்கையைக் குறித்து எங்கள் திருச்சபையில் இன்று இரண்டு கதைகள் வழங்குகின்றன. புத்தாண்டில் அவள் பெற்ற வாக்குத்தத்தத்தை இறைவன் நிறைவேற்றி அவளுக்கு ஆயுளைக் கூட்டித் தந்தார் என்பது ஒன்று. உறுதியாக இருந்த அவளுடைய நம்பிக்கையைத் தமிழ் படித்த தமையன் கலைத்துவிட்டதால்தான் நோய் அவளைக் கொண்டுபோயிற்று என்பது மற்றொன்று. முன்னது ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. பின்னது வீடுகளில் சொல்லப்படுகிறது. இரண்டிலும் நடந்தவற்றுள் பாதி இல்லை. உடனிருந்தவன் என்ற முறையில் எஞ்சிய பாதியை எழுதிவைக்கும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

எங்கள் பகுதியின் கிறித்தவ வீடுகளுக்குள் சென்றவர்கள் வாக்குத்தத்த அட்டையைக் கண்டிருப்பார்கள். புத்தாண்டு வழிபாடு முடிந்ததும் ஆயர் ஒரு தட்டை நீட்டுவார். கவிழ்த்து வைத்த சிற்றட்டைகளுள் ஒன்றை ஒவ்வொருவரும் எடுப்பார்கள். பூப்படத்தின்மேல் திருமறையின் வரி ஒன்று அச்சிட்டிருக்கும். அவ்வாண்டு முழுவதற்கும் இறைவன் அவருக்கென்று சொன்ன சொல் அதுவே என்பது நம்பிக்கை. எடுத்தவர் முகத்தைப் பார்த்தே நல்ல வரி வாய்த்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என் தங்கைக்கு அவ்வாண்டு வாய்த்தது யோபு நூலின் ஐந்தாம் அதிகாரத்து வரி. ஆறு இக்கட்டுகளினின்றும் அவர் உன்னை விடுவிப்பார், ஏழாவதிலும் தீங்கு உன்னை அணுகாது என்பது அதன் பொருள். செம்பாக்கத்து வீட்டில், முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் அதை ஒட்டிவைத்தாள்.

பொங்கல் கழிந்த சில நாள்களில் அவள் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அறுவையைத் தள்ளிப்போடலாகாது என்றார் மருத்துவர். அவள் மறுத்துவிட்டாள். கணவரின் சாவு, ஏரிநீர் வீட்டுக்குள் புகுந்து உடைமையெல்லாம் அழிந்த மழைக்காலம், நடைமேடைப் படியில் விழுந்து கால் முறிந்தது, மகளின் முதற்குழந்தை தங்காமல் போனது, இன்னும் இரண்டு என்று தன் துன்பங்களை விரல்விட்டு எண்ணியிருக்கிறாள், ஆறு வந்தன. ஆகவே இது ஏழாவது. எண்ணிக்கை பொருந்திய பிறகு அவளுக்கு ஐயமே எழவில்லை. கத்திக்கு உடன்படுவது அவிசுவாசம் என்று செபக்குழுவினரும் தூபமிட்டார்கள். இரண்டு மாதங்கள் இவ்வாறு கழிந்தபின் அவள் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா டாக்டர் சொல்றதையும் கேக்கல, என் அழுகையையும் கேக்கல. பைபிள்லேருந்து சொன்னாத்தான் கேப்பாங்க. நீங்க வாங்க மாமா" என்றாள்.

என் தொழில் சங்கப் பாடல்களைக் கற்பித்தல். அகப்பாடல் ஒன்றை எடுத்தால் முதலில் கேட்க வேண்டுவது, இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்பதே. தலைவனின் பொய்யுரையைத் தோழியின் வாய்மொழியாகக் கொண்டால் பாட்டே தலைகீழாகும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். ஆயினும் திருமறையை அவ்வாறு படிக்க வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை. முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை அது ஒரே குரல் என்றே நாங்கள் வளர்ந்திருந்தோம். சிட்லபாக்கத்தில் என் வீட்டில் அமர்ந்து முதன்முறையாக அந்த வினாவோடு யோபு நூலைப் புரட்டினேன். அவளுடைய வரி இறைவனின் கூற்று அன்று. பிள்ளைகளையும் உடைமையையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பன் எலிப்பாசின் கூற்று. நூலின் முடிவில் இறைவனே அவனைக் கடிந்து, என்னைப்பற்றி நீ சரியானதைப் பேசவில்லை என்கிறார். வழக்கு தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

அவள் அசையவில்லை. "கர்த்தர் யார் வாயால வேணா பேசுவாரு அண்ணா. பிலேயாம் தீர்க்கதரிசிகிட்ட அவனோட கழுதையவே பேச வெக்கல? எலிப்பாஸ் என்ன, கழுதையவிட மட்டமா?" என்றாள். அருகிலிருந்த மகள் சிரிப்பை அடக்க அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வாதத்தை விட்டுவிட்டேன். அறுவையைப் பற்றி இனிப் பேசுவதில்லை, ஆனால் அந்நூலை முதலிலிருந்து இருவரும் மாறிமாறி வாய்விட்டுப் படிப்போம் என்று கேட்டுக்கொண்டேன். "படிக்கிறதுக்கு என்ன, படிக்கலாம்" என்றாள். மாலைதோறும் சென்றேன். அவள் ஒவ்வொரு வரியிலும் நின்றாள்; யோபுவின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் வீடு இடிந்து மாண்ட பகுதியை இருமுறை படிக்கச் சொன்னாள். விரைந்தால் அவள் செவி மூடிக்கொள்ளும். நிதானித்தால் நோய் காத்திராது. அதிகாரங்களைக் கடக்கக் கடக்க, அந்தக் கட்டி இந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்னும் அச்சமே என்னை அரித்தது. பொறுமையாகப் படித்தல் என்பது அவ்வளவு கொடியதாக எனக்கு வேறெப்போதும் இருந்ததில்லை.

ஐந்தாம் அதிகாரம் அவள் முறையில் வந்தது. தனக்குரிய வரியைத் தடுமாறாமல் படித்துக் கடந்தாள். அதற்குச் சற்றே பின்னால், உன் சந்ததி நிலத்துப் புல்லைப்போல் பெருகும் என்று எலிப்பாஸ் யோபுவுக்குச் சொல்லும் இடம் உண்டு. அங்கே நின்றாள்.

"பத்துப் பிள்ளைங்கள மண்ணுல வெச்சுட்டு உக்காந்திருக்கான். அவன்கிட்டபோய் உன் சந்ததி பெருகும்னு சொல்றான்" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இவ குழந்தை போன அன்னிக்கும் இப்படித்தான் வந்து பேசினாங்க. இன்னொண்ணு பொறக்கும், அழாதேன்னு. இந்த ஆளோட பேச்சையா அண்ணா நான் தினம் தலைவாரும்போது படிச்சுகிட்டிருந்தேன்?"

மறுநாள் மகளோடு மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். அட்டையை அவள் கிழிக்கவில்லை. கண்ணாடியிலிருந்து எடுத்து, யோபு நூலின் அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

அறுவைக்குப் பின் மருந்தேற்றிய மாதங்களில் அவள் என்னினும் கூர்மையாகப் படிக்கத் தொடங்கினாள். ஒருநாள் அவளே தொலைபேசியில் அழைத்து, எலிப்பாசின் அதே பேச்சிலிருந்து ஒரு வரியைப் திருத்தூதர் பவுல் தம் மடலில் திருமறை வாக்காகவே எடுத்தாள்கிறார் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. சொன்னவன் பிழைபட்டவன் என்பதால் சொல் முழுவதையும் தள்ளிவிட முடியாது என்றால், அவளுடைய அந்த வரியை என்ன செய்வது என்று கலங்கிக் கேட்டேன். "அது நல்ல ரயில்தான் அண்ணா. என் கையில இருந்தது அந்த ரயிலுக்கு டிக்கெட்டான்னு நான் பாக்கல, அவ்ளோதான்" என்றாள்.

மூன்றாண்டுகளுக்குப் பின் நோய் மீண்டது. கடைசி வாரங்களில் படிக்கச் சொல்லி என்னைக் கேட்பாள். ஆனால் வாக்குத்தத்தங்களை விரும்பவில்லை. யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கும் மூன்றாம் அதிகாரத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆறுதலான பகுதி எதையேனும் படிக்கட்டுமா என்றேன். "இவன் பக்கத்துல இருக்கிறதே போதும்" என்றாள்.

நினைவுக் கூட்டத்தில் ஆயர், ஏழாவது இக்கட்டிலும் அவளைக் காத்த இறைவனைப் போற்றினார். அவர் நல்லவர், வருந்துவோரைத் தேற்ற விரும்பினார். வெளியே தனியே கண்டு, அவள் அந்த வரியைப் பற்றிப் பின்னாளில் கருதியது வேறு என்றேன். "ஜனங்களுக்கு ஏதாவது ஆறுதல் வேணுமே சார்" என்றார். அதை மறுக்கவும் என்னால் இயலவில்லை. அன்று மாலை மகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த ரெண்டு மாசம் வீணாகாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா மாமா?" மருத்துவரிடமும் இதைக் கேட்டிருக்கிறாள், அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாராம். நானும் சொல்லவில்லை. வரியை நம்பியதால் போனாள் என்றும், ஐயுற்றதால் போனாள் என்றும், காக்கப்பட்டாள் என்றும் ஒரு வாழ்விலிருந்து ஒரு வரியை மட்டும் பெயர்த்தெடுப்பது எளிது. அவ்வாறு எடுக்கப்பட்டவையே அவ்விரு கதைகளும்.

இதுவும் ஒரு கூற்றுதான். அவளுடைய கூற்று அன்று, தமையனுடையது. அவள் சொன்னவையாக நான் எழுதியவற்றில் என் சொல் கலந்திருக்கலாம். முன்பின்னாக நடந்தவற்றை நினைவு இடம்மாற்றியும் இருக்கலாம். அவளோடு பணியாற்றியவர்களும், அவளோடு மண்டியிட்டு மன்றாடிய செபக்குழுவினரும், எல்லாரினும் மேலாக அவள் மகளும், இதில் கண்ட பிழைகளை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தெரிவிப்பவர்கள் ஒரு வரியோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.