சும்மா கிடக்கும் மூளையைப் படம் பிடித்தோம்

மரக்காணம் பக்கத்து மீனவ ஊரான அனுமந்தைக்கு முதல் முறை போனபோது என் பையில் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. அதில் இருந்தது பாட்டு இல்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரம் போடும் இரைச்சல்.

2006-இன் தொடக்கம். சுனாமி வந்து ஓராண்டு கடந்திருந்தது. ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதுகூட, மூளையில் தள்ளித்தள்ளி இருக்கும் சில இடங்களின் இயக்கம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்தவர்களிடம் இந்தத் தொடர்பு மாறிவிடுகிறதா? அதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கேள்வியை நினைத்தாலே எனக்குப் பரபரக்கும். வயது இருபத்தாறு.

ஆனால் ஸ்கேனுக்கு வர ஆள் வேண்டுமே! குழாய்க்குள் படுக்கவேண்டும், பெரிய சத்தம் வரும் என்று சொன்னதுமே எல்லோரும் பின்வாங்கினார்கள். அதற்காகத்தான் சத்தத்தைப் பதிவுசெய்து எடுத்துப் போனேன். மீன் ஏலக் கொட்டகையில் பெண்கள் சுற்றி உட்கார, டேப்பை ஓடவிட்டேன்.

"அடியே, இது இஞ்சின் படகு சத்தம்டி! இதுக்கா பயந்தோம்?" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது.

சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். தங்கையை அலையில் பறிகொடுத்தவர். அதன்பிறகு மீன் விற்பதை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரமே போகாமல், மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள போனா எனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டார்.

"வராதுக்கா. இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி. வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்ட தனியா கூட்டிட்டுப் போறேன். நீங்க ஸ்கேனுக்கு வராட்டியும் கூட்டிட்டுப் போவேன்."

"சரி, வர்றேன். உள்ள இன்னாதான் ஆயிருக்குதுன்னு யாராச்சும் பாக்கட்டுமே."

அடுத்த வாரம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால், தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றுவதற்கே பத்து நிமிடம் ஆனது. உள்ளே போன இரண்டாம் நிமிடம், பயமாக இருந்தால் அழுத்தும்படி கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"தலைக்கு மேல தண்ணி நின்ன மாதிரியே இருக்குதும்மா."

"போதும்க்கா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போறேன். ஆனா நீ என் காலைப் புடிச்சிக்கினு நிக்கணும். யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்."

வாட்ச், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு நானும் அறைக்குள் போனேன். ஸ்கேன் முடியும்வரை அவருடைய வலது பாதத்தைப் பிடித்தபடி நின்றேன். முதலில் கல் மாதிரி இருந்த விரல்கள், மெதுவாகத் தளர்ந்தன. பந்து அழுத்தப்படவே இல்லை.

கணக்கீடு முடிய நாட்கள் ஆயின. ஒருநாள் காலை, கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று பயம் எழும் இடத்திலிருந்து, இன்னொன்று நெற்றிக்குப் பின்னாலிருந்து. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கியது. எவ்வளவு படித்திருந்தாலும், நான் காலைப் பிடித்து நின்ற ஒரு மனுஷியின் தலைக்குள்ளிருந்து அது வந்ததைப் பார்த்தது அதுதான் முதல் முறை. செருப்பைக்கூடப் போடாமல் பேராசிரியர் அறைக்கு ஓடினேன்.

அவர் வந்து திரையைப் பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அதோட, நீ காலைப் பிடிச்சிட்டு இருந்தியே, மூளை அதையும்தானே உணர்ந்திருக்கும்? மத்தவங்களோட இவங்களை எப்படி ஒப்பிடுவ?"

சட்டென்று என் வாயில் வந்தது: "அப்ப எல்லாருக்கும் காலைப் பிடிக்கலாம் சார். வர்ற ஒவ்வொருத்தருக்கும், ஒரே மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்திக்ஸ் கமிட்டியில மறுபடியும் அனுமதி வாங்கணும். எழுது" என்றார்.

அனுமதி வந்த அன்றே அனுமந்தைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அதற்குள் அவர் டாக்டரிடம் போய் வந்துகொண்டிருந்தார். வாரத்தில் சில நாள் தூங்குவதாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் காலை யார் புடிக்கிறது? நீயா? உன்ன யாருக்குத் தெரியும்?" என்றார். "நான் வந்து நிக்கிறேன்."

கேட்ட எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது. அவருக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்தோம். வேலைக்கான சம்பளமும் ஏற்பாடு செய்தோம். முதல் நாள், நான்கு பேர் வருவார்கள் என்று வேன் கொண்டுபோனேன். பேருந்து நிறுத்தத்தில் அக்காவைச் சுற்றிப் பதினொரு பெண்கள் நின்றார்கள், தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, யார் முதலில் போவது என்று சண்டை போட்டபடி. ஒரு நாளைக்கு நாலு பேருக்குத்தான் எந்திரம் கிடைக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, யாரும் கேட்காமல் வேனில் ஏறினார்கள்.