ஓட்டைக்கு மேலே உட்கார்ந்தவள்

டிங்கருடைய சொந்த வேனைப் பார்த்த எவனும் அவரிடம் வண்டியை விடமாட்டான். நல்லவேளை, அது கடைக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஊரில் ஓடுகிற பழைய வண்டிக்கெல்லாம் துருவை வெட்டி, தகரம் வளைத்து, தட்டி, ஒட்டி அனுப்புகிற மனுஷன், தன் வண்டியின் தரை உதிர்வதை மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிட்டார். மகள் கடலோரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி கேட்டதற்கும் அதே பதில்தான். அவருடைய அகராதியில் 'அப்புறம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், பாவம்.

டிங்கர் என்பது தொழிலின் பெயர். நாளடைவில் அதுவே ஆளின் பெயராகிவிட்டது. மாப்பிள்ளையே ஒருமுறை ஞாபகப்பிசகாக 'டிங்கர் மாமா' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டியின் தரைக்கு ஒட்டுப்போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் வைக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச்சாக்குமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டை வழியாக மேலே தெறிக்கிற பொறி சீட்டுப் பஞ்சிலோ விரிப்பிலோ பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், வண்டி சாம்பல். கல்யாணமான புதிதில் கடையில் இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, இரண்டு நாளைக்குச் சமாளிக்கலாம் என்று மனைவி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். அந்த இரண்டு நாள் மகளுக்குக் கல்யாணம் ஆனபிறகும் முடியவில்லை.

வீட்டில் டிங்கர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். ஆனால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டால் எங்கிருந்துதான் வருமோ, பேச்சு கொட்டும். வண்டிக்காரனின் கஞ்சத்தனம், குடித்தே அழிந்த அப்பா, சின்ன வயதில் பட்ட அடி, வாங்க ஆசைப்பட்டு வாங்காமல் போன இடம் என்று ஓட்டை வழியாக மேலே அனுப்பிக்கொண்டே இருப்பார். அவள் மேலே இருந்து சிரிப்பாள், உச்சுக் கொட்டுவாள், எதிர்க்கேள்வி போடுவாள். பக்கத்துத் தெரு மெக்கானிக், "இவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னா நடுவுல ஒரு ஓட்டை வேணும் போலிருக்கு" என்று கிண்டலடிப்பான்.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இவங்க வெல்டிங் பண்றாங்க?" என்று கேட்டார்.

"அவ இல்ல சார். நான்தான்."

டாக்டர் அவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "நீங்க வேலை செய்யும்போது இவங்க எங்க இருப்பாங்க?"

டிங்கர் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அவர் படுத்திருந்தது காற்றோட்டமான தரையில், முகமூடி போட்டுக்கொண்டு. தார், பெயின்ட், ரப்பர், தகரத்தின் பூச்சு என எரிந்ததெல்லாம் புகையாக மேலே ஏறிப் போன இடத்தில், மூக்கில் ஒரு துணியைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். புகை மேலேதான் போகும் என்பது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அது அவர் மண்டையில் ஏறவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெந்தார்.

வீட்டுக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. கொஞ்ச நாளில் டாக்டர், இனி அவங்க ஆசைப்பட்டதைச் செய்யுங்க என்று சொல்லிவிட்டார். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று.

"மக வீட்டை ஒரு தடவை கண்ணால பாத்துடணுங்க."

வாடகைக் கார்க்காரர்கள் வந்தார்கள், சிலிண்டரைப் பார்த்தார்கள், நழுவினார்கள். ஆம்புலன்ஸ் சொல்லலாம் என்றதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அதுல போய் இறங்கினா, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க அழுதுகிட்டே வந்துடுவாங்க. நம்ம வேன்லயே போலாம்."

தார்ப்பாயை விலக்கினார். சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்று சொல்லும். இது பொத்துப் பொத்தென்றது. ஓர் இடத்தில் சுத்தியலே உள்ளே போய் மண்ணைத் தொட்டது. சிலிண்டரை இந்தத் தரையில் நிறுத்தினால் வழியிலேயே ஓட்டையில் இறங்கிவிடும்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "அண்ணே, கனமா ஒரு பலகையைப் போட்டு நாலு போல்ட்ட முடுக்குங்க. சாயந்திரமே கிளம்பிடலாம். திரும்பி வந்து நிதானமா ஒட்டுப் போட்டுக்கலாம்."

"துரு மேல பலகை போடறதா? யாருக்குப் போடறேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

நல்ல தகரம் கண்ணில் படும்வரை வெட்ட வேண்டும் என்பது அவர் கட்டிக்காத்த ஒரே நியாயம். காசுக்காரன் வண்டியானாலும் ஓட்டாண்டி வண்டியானாலும் அதை விட்டுக்கொடுத்ததில்லை. அவளுக்குப் போடுகிற தரையிலா விட்டுக்கொடுப்பார்?

வீட்டுப் பக்கம் புகை வரக்கூடாதென்று வேனை மெக்கானிக்கின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே உட்காருகிறேன் என்று அவன் வாளியைத் தூக்கியபோது பிடுங்கிக்கொண்டார்.

"யாரும் உள்ள உக்காரக் கூடாது. இனிமே யாருமே."

தனியாகவே செய்தார். விரல் நீளத்துக்கு வெல்டிங் வைப்பார். அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வருவார். மேலே ஏறிப் பொறி கிடக்கிறதா என்று பார்த்து, ஈரச்சாக்கால் ஒற்றுவார். இறங்கி மறுபடி ஊர்ந்து போவார். ஒருநாள் வேலை பல நாளாக இழுத்தது. அடியில் படுத்திருக்கும்போது பேச்சு தொண்டைவரை வரும். மேலே ஆள் இல்லை. விழுங்கிவிட்டு அடுத்த விரல் நீளத்துக்குப் போவார்.

மகள் தினமும் போனில் கேட்டாள். "எப்பப்பா கிளம்பறீங்க?"

"இதோ, முடிஞ்சுது."

வீட்டில் மனைவி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தாள். தரை முடிந்ததும் பெயின்ட் அடித்தார். அந்த வாடை அவளுக்கு ஆகாதே என்று, கதவெல்லாம் திறந்து போட்டு அது போகும்வரை காத்திருந்தார். "பலகை போட்டிருந்தா இந்நேரம் போயே திரும்பியிருக்கலாம்" என்று மெக்கானிக் முனகினான். டிங்கர் காதில் வாங்கவில்லை.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் மெத்தை போட்டு, தலையணைகளை அண்டக்கொடுத்து அவளைச் சாய்த்தார். பக்கத்தில் சிலிண்டரை இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது.

ஊர் எல்லை தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். எப்படியோ வாய் திறந்துகொண்டது.

"பாரு, உனக்கு இந்த வியாதி வந்தது என்னாலதான். புகையெல்லாம் உன் பக்கந்தான் வந்திருக்கு. எனக்குத் தோணவேயில்ல."

பின்னாலிருந்து அவள் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"புகை வருதுன்னு எனக்குத் தெரியாதா? மூக்கு எனக்குத்தானே இருக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற ஆளை உக்கார வெப்பீங்க. அப்புறம் எங்கிட்ட எப்பங்க பேசுவீங்க?"

அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரம் கட்டலாமா என்று யோசித்தார். மகள் வாசலில் காத்திருப்பாள் என்று ஓட்டினார்.

"மெக்கானிக் பலகை போடச் சொன்னான். நான்தான் கேக்கல. முன்னாடியே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"நம்ம வண்டிக்குப் பலகையா? நல்லாயிருக்கு" என்றாள். சிரிக்கப் பார்த்து இருமினாள். "நீங்க பேசிகிட்டே வாங்க. நான் கேட்டுகிட்டு வர்றேன்."

பேசினார். வீட்டில் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். அவளைக் கட்டிக்கொண்டு வந்தபிறகுதான் தனக்கு வீடு என்று ஒன்று இருந்தது என்று சொன்னார். அவள் 'ம்' கொட்டினாள். பிறகு கொட்டவில்லை. அலுப்பில் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று குரலைத் தணித்துக்கொண்டார். நிறுத்த மட்டும் மனம் வரவில்லை. கடல் கண்ணில் பட்டதும், "தோ, கடல் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார்.

வேன் நின்றதும் மகள் ஓடிவந்து பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஏறினாள். அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"எழுப்பும்மா. வழியெல்லாம் பேசிகிட்டே வந்தோம்" என்றார் டிங்கர், சாவியைத் திருப்பியபடி.

மகள் இறங்கி, முன்பக்கம் வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, அம்மா எது வரைக்கும்பா பேசினாங்க?"

டிங்கர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.