ஒத்திகையில் நஸ்ரின் சொன்ன பதில்

சனிக்கிழமை மதியம் எங்கள் ராமநாதபுரம் ஆபீசில் ஜூனியர்களுக்குக் குறுக்கு விசாரணை ஒத்திகை நடக்கும். அவர்களில் ஒருவர் சாட்சி. நான் எதிர்த்தரப்பு வக்கீல்.

இன்று தங்கச்சிமடம் ஜெசிந்தாவின் வழக்கு. கடலுக்குப் போன கணவர் ஏழு வருடம் கடந்தும் திரும்பவில்லை. அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் மனு.

ஜெசிந்தாவாக உட்கார்ந்தவள் ஜூனியர் நஸ்ரின்.

"அவரைக் கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்றேன்.

"போன வெள்ளிக்கிழம. இடுப்புல நனைஞ்ச சாரத்தோட வந்து கஞ்சி கேட்டாரு."

"ஏம்மா, ஒரே பதில்ல கேஸையே முடிச்சுட்டியே! ஃபைல்ல எங்கன இருக்கு இது?" என்று கத்திவிட்டேன்.

அவள் ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள். "தெரியல மேடம். வாயில தானா வந்துருச்சு."

அரைமணி நேரத்தில் நிஜ ஜெசிந்தா மனுவில் கையெழுத்துப் போட வந்தார். ஒத்திகையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மனுவைப் படித்துக் காட்டினேன், தலையாட்டினார். பேனாவை வாங்கியவர் தயங்கினார்.

"வெள்ளிக்கிழமையானா நனைஞ்ச சாரத்தோட கஞ்சிக்கு வாராருல்ல, அத ஜட்ஜய்யாகிட்ட சொல்ல வேணாம்ல வக்கீலம்மா?"

நஸ்ரின் இனி சாட்சியாக உட்கார மாட்டாளாம்.

வக்கீல் நண்பர்களே, மனுவிலுள்ள 'ஏழு வருடமாக அவரை யாரும் பார்க்கவில்லை' என்ற வரியை வைத்துக்கொள்ளவா, அடித்துவிடவா?