அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு உணவும் உறக்கமும் குறைந்தன. தனியே இருக்கையில் அழுவதை மட்டும் வீட்டாரிடம் மறைத்திருந்தேன். சென்னையிலிருந்த மனநல மருத்துவர் அம்மையார் தொலைபேசியில் பேச இசைந்தார்.

எங்கள் பசுமலை வீட்டில் நோயாளியை மருத்துவரிடம் தனியே பேசவிடும் வழக்கமில்லை. மனைவியும், அவனியாபுரத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணனும் அருகில் அமர்ந்து, தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டனர்.

“அறையில வேற யாராவது இருக்காங்களா?” என்று மருத்துவர் வினவினார்.

“யாருமில்லை” என்றேன்.

“பொய் சொல்றாரு டாக்டரம்மா! இங்கனதான் இருக்கோம். ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கிறதில்ல, அதையும் எழுதிக்கங்க” என்றார் மைத்துனர்.

மருத்துவர் சிரித்துவிட்டார். “நீங்க சொல்றதப் பிறகு கேட்டுக்கிறேன். ஐயா, இந்த அரைமணி நேரம் உங்களோடது. அவங்க இருக்கலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்.”

அன்புடையோரை எழுந்து போகச் சொல்வது பண்பன்று என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

“மச்சான், கொஞ்சம் வெளிய இருங்க.”

“இம்புட்டு ரகசியமா மாப்ள?”

“வாண்ணே, காப்பி போடுறேன்” என்று மனைவி அவரை எழுப்பினாள்.

கதவைச் சாத்தினேன். அழுகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது என் குரல் தடுமாறவேயில்லை.